சூடான் மக்களுக்காக ஒரு கச்சேரி வைக்க நினைக்கிறோம். காசு ஒழுங்காகப் போய்ச் சேர என்ன செய்ய வேண்டும்?

வீணை ரீச்சர் (ஹரோ) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லண்டன் ஹரோவில் வீணையும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு வகுப்பு, இப்போது 31 பிள்ளைகள். அதில் ஒருத்தியின் பள்ளிக்கூடத் தோழி சூடானைச் சேர்ந்தவள், தார்ஃபூர் பக்கம். அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் சித்தியும் எல் ஃபாஷேர் நகரத்தில் இருந்தவர்கள். 2023 ஏப்ரலில் இராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்கிற துணை இராணுவப் படைக்கும் தொடங்கிய சண்டை அங்கேயும் வந்து, ஒன்றரை வருடத்துக்கு நெருக்கமாக அந்த நகரம் முற்றுகைக்குள் கிடந்து, 2025 ஒக்டோபர் கடைசியில் விழுந்தது. சித்தி நடந்தே தவிலா என்ற ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். அம்மம்மாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

என் மாணவி வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, "ரீச்சர், நாங்கள் அவர்களுக்காக ஒரு கச்சேரி செய்யலாமா?" என்று கேட்டாள். அன்று நான் வர்ணம் எடுப்பதாக இருந்தேன், எடுக்க முடியவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை அடி அடியாகக் கடந்த சனத்தில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு அந்தப் பிள்ளையின் வயதுதான். என் அம்மம்மா எங்களோடு வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். அதனால் இதைச் செய்யாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, செய்வோம் என்று பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஒருவர் சென்னையில் இருந்து சினிமாப் பாடகர் ஒருவரைக் கொண்டுவந்து பெரிய மண்டபம் எடுத்தால்தான் ரிக்கெற் போகும் என்கிறார். இன்னொருவர் காசு வேண்டாம், உடுப்பும் உலர் உணவும் சேர்த்துக் கொள்கலனில் அனுப்பலாம் என்கிறார். கோயில் மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குக் கேட்கலாம், ஆனால் 250 பேருக்கு மேல் கொள்ளாது.

எனக்குச் சுருதி தெரியும், தாளம் தெரியும், கணக்கு வழக்குத் தெரியாது. காசை என் கணக்கில் வாங்கலாமா? யாருக்கு அனுப்புவது? என்னென்ன அனுமதி வேண்டும்? இப்படி ஏதாவது செய்தவர்கள் இருந்தால், நல்லதோ கெட்டதோ, நடந்ததைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நம்பிக் கேட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் கொடுக்கிற காசில் பெரும்பங்கு தவிலாவுக்குப் போகாமல் வேறு எங்கோ கரைந்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது.

கணக்காளர் (குரோய்டன்) எழுதியது:

ரீச்சர், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு பவுண் கூட வாங்காதீர்கள். உங்கள் நேர்மையில் சந்தேகம் இல்லை. ஆனால் தனியாள் கணக்கில் திடீரென்று நூறு பேரிடமிருந்து காசு விழுந்து, அது சூடான் என்ற பெயரோடு வெளியே போக முயன்றால் வங்கி அதை நிறுத்திக் கேள்வி கேட்கும். கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகளே மறந்துவிடுவார்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊர்ச்சங்கம் ஒன்றின் பொருளாளராக இருந்தபோது, வன்னியில் கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெசின் வாங்க என்று ஒரு இசைநிகழ்ச்சி வைத்தோம். உங்கள் பெற்றோர் சொல்கிற அதே வழிதான். புகழ்பெற்ற பாடகர், பெரிய மண்டபம். பாடகர் சம்பளம் வாங்கவில்லை, அதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் அவரோடு வந்த வாத்தியக்காரர் ஏழு பேருக்கு விமானச் சீட்டு, விசா, தங்கும் இடம், சாப்பாடு, போக்குவரத்து, ஒலி ஒளி, மண்டபக் காவலாளிகள் என்று எல்லாம் போக, பொன்னாடைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் கூடத் தனியாக ஒரு பில் வந்தது. மண்டபம் நிறைந்தது, சனம் கை தட்டியது, கடைசியில் கணக்குப் பார்த்தால் மிச்சம் 340 பவுண். எண்ணூறு பேர் வந்த நிகழ்ச்சி! மெசின் வாங்க நாங்கள் நிர்வாகக் குழுவில் ஆளுக்கு ஆள் போட்டுத்தான் அனுப்பினோம். அந்தப் பெண்களின் பெயரைச் சொல்லித்தான் ரிக்கெற் விற்றோம் என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது தலைகீழ். காசு போய்ச் சேரும் இடத்தை முதலில் பிடியுங்கள், பிறகு திகதி, பிறகு பாட்டு. பதிவு செய்யப்பட்ட தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு இப்போதே எழுதுங்கள். தவிலாவில் எம்.எஸ்.எஃப். என்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேலை செய்கிறது, எல் ஃபாஷேரில் இருந்து தப்பி வந்தவர்களை அவர்கள் அங்கே பார்க்கிறார்கள். யுனிசெஃப் சூடானில் இருக்கிறது. "உங்களுக்காக நிதி திரட்ட விரும்புகிறோம், சம்மதமா, எங்கள் அழைப்பிதழில் உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், பதில் கடிதம் தருவார்கள். நன்கொடைப் பக்கம் ஒன்றை அவர்கள் பெயரிலேயே திறந்தால் காசு உங்கள் கையைத் தொடாமல் நேரே அங்கே போய்விடும்.

அடுத்தது ரிக்கெற். இது பலருக்குத் தெரியாத விஷயம், கவனமாகக் கேளுங்கள். இங்கே கிஃப்ட் எய்ட் இருக்கிறது அல்லவா, வரி கட்டுகிற ஒருவர் 10 பவுண் நன்கொடை கொடுத்தால் அரசாங்கத்திடம் இருந்து இன்னும் 2.50 அந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும். ஆனால் ரிக்கெற் விலைக்கு அது கிடையாது, ஏனென்றால் பதிலுக்கு அவருக்கு ஒரு இருக்கை கிடைத்துவிடுகிறது. எனவே 20 பவுண் ரிக்கெற் விற்பதைவிட, வாசல் எல்லோருக்கும் திறந்தது, உள்ளே வந்து விரும்பியதைக் கொடுங்கள் என்று வைத்து, கொடுப்பவரிடம் கிஃப்ட் எய்ட் படிவத்தையும் நிரப்பி வாங்கினால் அதே சனத்திடம் இருந்து கூடுதலாகப் போய்ச் சேரும். கட்டாயம் ஏதும் இல்லாமல் மனமுவந்து கொடுத்ததாக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

செலவுக்கு வேறு ஆள் பிடியுங்கள். மண்டப வாடகையை ஒரு கடைக்காரர், ஒலிபெருக்கியை இன்னொருவர், ரோல்ஸும் பற்றிஸும் பெற்றோர் வீட்டில் செய்து கொண்டுவருவது. அப்படிச் செய்தால் மேடையில் நின்று, "இன்று நீங்கள் தருகிற ஒவ்வொரு பென்ஸும் அங்கே போகிறது" என்று தைரியமாகச் சொல்லலாம்.

அனுமதி பெரிய மலை இல்லை. மண்டபத்துக்கு ஏற்கெனவே இசைநிகழ்ச்சிக்கான அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை, வேண்டும் என்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவித்தல் கொடுக்கலாம், 21 பவுண், குறைந்தது 10 முழு வேலை நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதில் ஒரு நேரத்தில் 499 பேருக்கு மேல் இருக்கக்கூடாது, பாடுகிற பிள்ளைகளும் அந்த எண்ணிக்கையில் அடக்கம். சினிமாப் பாட்டுப் பாடினால் மண்டபத்திடம் இசை உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள், தொண்டு நிகழ்ச்சி என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. தியாகராஜ கீர்த்தனைக்கு அந்தக் கவலை இல்லை.

உண்டியல் வைத்தால் ஒருவர் தனியாகத் திறக்கக்கூடாது. இரண்டு பேர், வெவ்வேறு வீட்டுக்காரர், அன்றிரவே எண்ணிக் கையெழுத்து வைத்துப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புங்கள்.

கொள்கலன் அனுப்புகிற பேச்சை அன்போடு மறுத்துவிடுங்கள். 2009இல் வன்னிச் சனத்துக்கு என்று நாங்கள் எல்லோரும் சேர்த்து அனுப்பிய வணங்காமண் கப்பலை மறந்திருக்க மாட்டீர்கள். 884 டன் அரிசி, மாவு, மருந்து. இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பி, சென்னையில் இறக்கி, வேறு கப்பலில் ஏற்றிக் கொழும்புக்குப் போய், அங்கே துறைமுகத்தில் மாதக்கணக்கில் கிடந்தது. பொதி கட்டிய இரவுகளில் நானும் இருந்தேன். சூடானுக்குள் ஒரு பெட்டி போவது அதைவிடக் கஷ்டம்.

பழைய இசைத்தட்டு (சென்னை) எழுதியது:

டீச்சர், குரோய்டன் சார் சொன்ன "காசு போகும் இடத்தை முதலில் பிடியுங்கள்" என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். வங்கதேசத்துக்கான கச்சேரி. அதற்கு முந்தைய நவம்பரில்தான் கிழக்குப் பாகிஸ்தானை, அதாவது இன்றைய வங்கதேசத்தை, புயல் அடித்துப் போட்டிருந்தது. அப்புறம் மார்ச்சில் ராணுவ ஒடுக்குமுறை, போர், இந்தியாவுக்குள் ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள். பண்டிட் ரவி சங்கர் வங்காளிக் குடும்பம், சரோத் மேதை அலி அக்பர் கான் பிறந்த ஊரே இன்றைய வங்கதேசத்தில்தான் இருக்கிறது. சொந்த சனம் சாகிறது, என்ன செய்வது என்ற தவிப்பில் ரவி சங்கர் நண்பர் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் போனார். 25,000 டாலர் கிடைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். ஹாரிசன் டெலிபோனில் உட்கார்ந்து பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், லியோன் ரஸ்ஸல் என்று எல்லோரையும் கூட்டிவிட்டார், ஒரு சில வாரங்களுக்குள்! மதியம் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி, மொத்தம் 40,000 பேர். டிக்கெட் பணம் மட்டும் 2,43,418 டாலர், யுனிசெஃப் கைக்குப் போனது.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இனிமேல்தான். கச்சேரிக்குப் பிறகு மூன்று இசைத்தட்டுகள் கொண்ட பெட்டி வந்தது, திரைப்படம் வந்தது, டிக்கெட்டைவிடப் பல மடங்கு பணம் அதில்தான். ஆனால் கச்சேரி நடப்பதற்கு முன்பே யுனிசெஃப் அமைப்போடு முறைப்படி ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அமெரிக்க வருமான வரித் துறை வரிவிலக்கு தர மறுத்தது. பணம் வருடக்கணக்கில் முடங்கிப் போனது. 1971 டிசம்பர் 16 அன்று போரே முடிந்துவிட்டது. பெரும்பகுதிப் பணம் வங்கதேசம் போய்ச் சேர்ந்து, கிட்டத்தட்ட 1.2 கோடி டாலர் என்று கணக்கானபோது 1985 ஆகிவிட்டது. அந்த அகதி முகாமில் பால் இல்லாமல் அழுத குழந்தைக்கு 1985இல் பதினாலு வயது, உயிரோடு இருந்திருந்தால். ஹாரிசன் மனசில் குறையே கிடையாது, அவர் வருடக்கணக்கில் இதற்காக அலைந்தார். ஒரு கடிதம் முன்கூட்டியே எழுதப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் கச்சேரி சின்னது, உங்களால் அந்தக் கடிதத்தை இன்று ராத்திரியே எழுத முடியும்.

இன்னொன்றும் எனக்கு அந்தக் கச்சேரியில் ரொம்பப் பிடிக்கும். ராக் இசை கேட்க வந்த இளைஞர் கூட்டம். அவர்கள் முன்னால் முதலில் உட்கார்ந்தது ரவி சங்கரும் அலி அக்பர் கானும் தபலாவோடு அல்லா ரக்காவும் தம்புராவோடு கமலா சக்கரவர்த்தியும். வாசித்ததும் வங்காள நாட்டுப்புற மெட்டில் இருந்து எழுந்த இசை. சுருதி சேர்த்து முடித்ததுமே சபை கைதட்டிவிட்டது, வாசித்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்து. ரவி சங்கர் பொறுமையாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். யாருக்காகப் பணம் சேர்க்கிறோமோ அவர்களுடைய பாட்டு முதலில் கேட்டது. அவர்களுக்கு ஒரு இசை இருக்கிறது, ஒரு மொழி இருக்கிறது, வெறும் பசி மட்டும் இல்லை என்று அந்தச் சபைக்கு அது சொல்லிவிட்டது.

நீங்களும் அப்படிச் செய்யலாம், ஏனென்றால் சூடான் இசை நமக்கு அந்நியம் இல்லை. அவர்கள் பாட்டு பெரும்பாலும் ஐந்து சுரத்தில் போவது. நம் மோகனம், சுத்த சாவேரி, இந்தோளம் தெரிந்த காதுக்கு உடனே பிடிபடும். வட சூடானில் நூபியர்கள் வாசிக்கிற யாழ் மாதிரியான ஒரு நரம்புக் கருவிக்குப் பெயர் தம்பூர்! அதை வாசித்துக்கொண்டு வளர்ந்தவர்தான் அவர்களுடைய பெரும் பாடகர் முகமது வர்தி, 2012இல் காலமானார். கேட்டுப் பாருங்கள், மோகனத்தில் யாரோ தூரத்தில் பாடுகிற மாதிரி இருக்கும்.

அப்பா வாங்கிய அந்த மூன்று தட்டுப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் காலிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குழந்தை. சின்ன வயதில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் போர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. உங்கள் மேடையிலும் பின்னால் அப்படி ஒரு பெரிய திரை வைத்தால் வந்தவர்கள் மனம் இளகிக் கொடுப்பார்கள் என்று தோன்றுகிறது.

வெம்பிளி அம்மா எழுதியது:

நான் குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். சூடான் சனத்தின் துன்பம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் முல்லைத்தீவில், கிளிநொச்சியில் கால் இல்லாதவர்கள், பிள்ளையைத் தேடி வருடக்கணக்காக வீதியோரம் குந்தியிருக்கிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள் அல்லவா. என் அண்ணனின் மகனும் 2009 மே மாதத்தோடு காணாமல் போனவன்தான், அண்ணி இன்றைக்கும் அவனுடைய படத்தோடு போய் இருக்கிறார். எங்கள் பிள்ளைகள் பாடிச் சேர்க்கிற காசு முதலில் எங்கள் சனத்துக்குப் போகக்கூடாதா? எங்களுக்காக வெளியார் யார் பாடினார்கள்? ரீச்சரோடு கோபம் இல்லை, மனதில் கிடந்ததைச் சொன்னேன்.

முல்லைக்காரி எழுதியது:

வெம்பிளி அம்மா, உங்கள் அண்ணியோடு அந்த வீதியோரக் கொட்டிலில் நானும் இருந்திருக்கிறேன், என் தம்பியின் படத்தோடு. நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். எங்களுக்குச் செய்வதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை, நீங்கள் செய்து வந்ததால்தான் எங்களில் பலர் இன்று சொந்தக் காலில் நிற்கிறோம், அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். ஆனால் 2009இல் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட சனத்தோடு கிடந்தபோது எனக்கு இருந்த ஒரே யோசனை, வெளியில் இருக்கிற எவருக்காவது நாங்கள் இங்கே இருப்பது தெரியுமா என்பதுதான். தெரிந்திருக்கிறவர் தமிழரா, வேறு ஆளா என்று நான் பார்க்கவில்லை. தவிலாவில் இருக்கிற அந்தச் சித்தியும் இப்போது அப்படித்தான் யோசித்துக்கொண்டிருப்பார். எங்களுக்காக யார் பாடினார்கள் என்று கேட்ட வலி எனக்கும் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பிள்ளைகள் பாட வேண்டும் என்று சொல்கிறேன்.

ரீச்சர், உங்களுக்கு, உதவி வாங்கின பக்கத்தில் இருந்த ஒருத்தியாகச் சில விஷயம் சொல்ல வேண்டும், கொடுக்கிறவர்கள் இதைக் கேட்பது குறைவு.

முகாமில் எங்களுக்கு வந்த சாமான்களில் அரிசி, பருப்பு, பாய், வாளி இருந்தன. உள்ளாடை இல்லை. மாதவிலக்குக்கு எதுவும் இல்லை. போட்டிருந்த உடுப்போடு வந்த பெண்கள் நாங்கள், தண்ணீர் பவுசருக்கு மணிக்கணக்கில் வரிசை, அந்த நிலையில் கிழிந்த சீலைத் துண்டைத் தோய்த்துக் காயவைக்க மறைவிடம்கூட இல்லை. அம்மாவுக்கு வேறொரு கஷ்டம், ஓடி வந்ததில் கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. ஆறு மாதம் அம்மாவால் சாப்பாட்டில் கல் பொறுக்க முடியவில்லை, தேவாரப் புத்தகம் பார்க்க முடியவில்லை. பிறகு ஒரு நாள் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டதும் அம்மா முதலில் பார்த்தது என் முகத்தை, "இப்படி மெலிந்து போனாயே" என்று அழுதார். அந்தக் கண்ணாடியின் விலை எத்தனையோ ரூபாய், எனக்குத் தெரியாது, யார் கொடுத்த காசு என்றும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், இங்கே இருந்து நாம் சாமானைத் தெரிவு செய்யக்கூடாது. அந்த இடத்தில் நிற்கிறவர்கள் கையில் காசாகக் கொடுத்தால் இன்றைக்கு எது இல்லை என்று பார்த்து அவர்கள் வாங்குவார்கள். சூடானிலேயே அயலவர்கள் சேர்ந்து அவசர உதவி அறைகள் என்ற பெயரில் சமையலறை நடத்துகிறார்கள் என்று வாசித்தேன், அந்தப் பிள்ளையின் தாயைக் கேட்டால் விபரம் தெரியும்.

சென்னை ஐயா, நீங்கள் எழுதியதை ஆசையோடு வாசித்தேன். ஒரு இடத்தில் மட்டும் எனக்கு மறுப்பு இருக்கிறது, அந்தத் திரை. முகாமில் இருந்து வெளியே வந்து சில வருடத்துக்குப் பிறகு, வெளிநாட்டில் நடந்த ஒரு நிதிசேர் நிகழ்ச்சியின் படங்களை உறவினர் ஒருவர் பேஸ்புக்கில் போட்டிருந்தார். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. அதில் என் அம்மா. சாப்பாட்டு வரிசையில், கையில் கோப்பையோடு, தலைமுடி கலைந்து, மேல்சட்டை கிழிந்து. அம்மா இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். சீலை மடிப்புக் கலைந்து வீட்டு வாசலுக்குக்கூட வராதவர். யாரும் அவரைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு நான் அந்தப் படத்தைக் கடைசிவரை காட்டவில்லை.

படம் போட வேண்டாம் ரீச்சர். மனம் இளக வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையின் தாய் விரும்பினால் இரண்டு வார்த்தை பேசட்டும், விரும்பாவிட்டால் முன் வரிசையில் மற்றவர்களைப் போல இருந்து பாட்டைக் கேட்கட்டும்.

பழைய இசைத்தட்டு (சென்னை) எழுதியது:

அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியவில்லை. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டி அட்டையில் இருக்கும் குழந்தைக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

ஒலி அண்ணா (ரொறன்ரோ) எழுதியது:

ரீச்சர், நான் இருபது வருடமாக நம்மவர் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைக்கிறேன், மேடைக்குக் கீழே இருந்து பார்த்ததில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நேரம். மாலை ஐந்து மணி என்று போட்டு ஆறரைக்குத் தொடங்கி, விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நன்றியுரை என்று போனால் பிள்ளைகள் பாட வரும்போது சனம் சாப்பாட்டுப் பக்கம் போய்விடும். இரண்டு மணி நேரம் போதும், இடைவேளை ஒன்று. பேசுவதற்கு ஒருவர், ஐந்து நிமிடம், காசு எங்கே போகிறது என்று. உண்டியலும் கார்ட் மெசினும் அந்தப் பேச்சு முடிந்த கையோடு வரிசைகளுக்கு நடுவில் போக வேண்டும். கடைசிக்கு வைத்தால் பாதிப் பேர் காருக்குப் போயிருப்பார்கள்.

ரிக்கெற் போகப் பெரிய பெயர் வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். 2022 மார்ச்சில் பர்மிங்காமில் உக்ரைனுக்காக நடந்த கச்சேரிக்கு எட் ஷீரன், கமிலா கபேயோ எல்லாம் வந்தார்கள், இரண்டு மணி நேரம் தொலைக்காட்சியில் நேரலை, 1.2 கோடி பவுணுக்கு மேல் சேர்ந்தது. அந்த அளவுக்குப் போனால் பெரிய பெயர் காசு கொண்டுவரும், பின்னால் ஒரு தொலைக்காட்சி நிலையமே நிற்கிறது. 250 பேர் மண்டபத்துக்குப் பெரிய பெயர் காசைக் கொண்டுபோகும். உங்களிடம் 31 பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாமா, மாமி. மண்டபம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது ரீச்சர்.

வீணைக்கு ஒலிவாங்கி வைப்பதில் உதவி வேண்டும் என்றால் கேளுங்கள், வீடியோவில் வந்து சொல்லித் தருகிறேன், வீணைச் சத்தத்தைக் கெடுப்பதுதான் உலகத்திலேயே சுலபம்.

வீணை ரீச்சர் (ஹரோ) எழுதியது:

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், கை ஓடவில்லை. முல்லைக்காரி தங்கச்சி எழுதியதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன், கண்ணாடி வந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது, என் மாணவி வாங்கி மிச்சத்தை வாசித்தாள். வெம்பிளி அம்மா தனிச்செய்தியில் தன் வீட்டில் இருந்து 200 ரோல்ஸ் தருவதாக எழுதியிருக்கிறார். அம்மா, உங்கள் அண்ணியின் பெயரைத் தாருங்கள், அடுத்த வருடம் மே மாதக் கச்சேரி வன்னிக்கு என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்.

இப்போது நிலவரம் இது. பாடகர் வேண்டாம் என்று எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், கொள்கலனும் இல்லை. எம்.எஸ்.எஃப். அமைப்புக்கு அன்றிரவே எழுதினேன், நான்காவது நாள் பதில் வந்தது, நன்கொடைப் பக்கம் திறக்க வழி சொல்லியிருக்கிறார்கள். கோயில் மண்டபத்துக்கு அனுமதி ஏற்கெனவே இருக்கிறதாம். வாடகையை எங்கள் வீதி மளிகைக்கடை அண்ணா ஏற்றுக்கொண்டார், தன் பெயரைப் பதாகையில் போட வேண்டாம் என்றும் சொன்னார். பொன்னாடை கிடையாது. திரையும் கிடையாது, பின்னால் வெறும் நீலத் துணி.

அந்தச் சூடான் பிள்ளையின் தாயைப் போய்ப் பார்த்தேன். மேடையில் பேச அவருக்கு விருப்பம் இல்லை, பிடிவாதமாகத் தேநீர் ஊற்றித் தந்தார், இஞ்சி போட்டது, எங்கள் ஊர்த் தேநீர் மாதிரியே. ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரு முதியவர் ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பாராம், சூடான் தலைநகர் கார்ட்டூமில் வானொலியில் வாசித்தவராம், கேட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நிகழ்ச்சி அவருடைய வாசிப்போடு தொடங்கும், பிறகு பிள்ளைகள் அவரோடு சேர்ந்து ஒரு பாட்டு, அதன் பிறகுதான் எங்கள் மோகன வர்ணம். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறார்.

சென்னை ஐயாவிடமும் ஒலி அண்ணாவிடமும் ஒரு கேள்வி. எங்கள் ஐந்து வீணைகளும் மூன்று கட்டைச் சுருதியில் நிற்கின்றன. ஊத் வாத்தியத்தோடு வீணை சேர்த்து வாசித்தவர் யாரையாவது தெரியுமா? அவர் எங்கள் சுருதிக்கு ஏற வேண்டுமா, நாங்கள் இறங்கவா? எனக்கு இறங்குவதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் இரண்டு கட்டைக்குக் கீழே போனால் பழைய வீணை இரண்டின் தந்திகள் தளர்ந்து இரையும், புதுத் தந்தி மாற்ற வேண்டி வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.